ப்ளோயரை நிறுத்தும்போதும் டிரிப், இரவில் ஓடும்போதும் டிரிப்: ஓவர்வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. திருமுடிவாக்கத்தில் உங்கள் தொழிற்கூடத்தில் 22 கிலோவாட் மோட்டாரோடு நேரடியாக இணைத்த கனமான ப்ளோயர் ஒன்று, மோட்டாரின் வேகத்தை மாற்றித் தரும் ஏசி டிரைவில் ஓடுகிறது. நிறுத்தும்போதெல்லாம் ‘ஓவர்வோல்டேஜ்’ என்று டிரிப் ஆனது, அதாவது டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே அணைந்தது. வேகம் குறையும் நேரத்தை 10 நொடியிலிருந்து 40 நொடியாக உயர்த்தியதும் பெருமளவு நின்றது, ஆனால் முழுவதும் நிற்கவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள், யாரும் தொடாமல் முழு வேகமான 50 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே டிரிப் வருகிறது. விற்றவர் டிரைவுக்குள் இருக்கும் கார்டு (மின்சுற்றுப் பலகை) போய்விட்டது, புது டிரைவ் வாங்குங்கள் என்கிறார். வெளியிலிருந்து வந்த டெக்னீஷியன், திரும்பி வரும் ஆற்றலை வெப்பமாகக் கரைக்கும் பிரேக் ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். இருவரில் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பார்வையில் உங்கள் கேள்வி கார்டா, ரெசிஸ்டரா என்பதல்ல. இரண்டு வெவ்வேறு சம்பவங்களுக்கு டிரைவ் ஒரே பெயர் சூட்டுகிறது. அவற்றை எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது. அம்பத்தூர், கிண்டி, கும்மிடிப்பூண்டி என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக டிரைவ் பழுதுபார்ப்பதே என் தொழில். டிரைவ் ‘ஓவர்வோல்டேஜ்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது என்பது இத்தனை ஆண்டுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. அந்த மின்னழுத்தம் மோட்டார் பக்கமிருந்து வந்ததா, மின் இணைப்புப் பக்கமிருந்து வந்ததா, அல்லது அளக்கும் சுற்றே தவறாக அளக்கிறதா என்பதைக் கண்டுபிடிப்பதற்கு முன் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

டிரைவுக்குள் வரும் மூன்று ஃபேஸ் மின்சாரம் முதலில் டி.சி.யாக மாறி, பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கி, பிறகு ஐ.ஜி.பி.டி. என்னும் மின்னணு ஸ்விட்ச்கள் வழியாக மோட்டாருக்குப் போகிறது. அந்த நடுத் தேக்கத்தைத்தான் டி.சி. பஸ் என்கிறோம். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே 415 வோல்ட் இருந்தால், மோட்டார் ஓடாத நிலையில் பஸ்ஸில் அதன் 1.41 மடங்கு, அதாவது 587 வோல்ட் அளவில் இருக்கும்; சுமை ஏறினால் 1.35 மடங்கை நோக்கிக் கொஞ்சம் இறங்கும். 400 வோல்ட் வகுப்பைச் சேர்ந்த டிரைவ்கள் பலவற்றில் டிரிப் எல்லை 800 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது. உங்கள் டிரைவின் துல்லியமான எண்ணை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவின் முன்பகுதியில் இருப்பது சாதாரண டையோடு பாலம் என்பதால் மின்சாரம் உள்ளே வர முடியுமே தவிர, வந்த வழியே திரும்பிப் போக முடியாது. மோட்டார் பக்கமிருந்து ஆற்றல் திரும்பி வந்தால் கெப்பாசிட்டரில் ஏறுவதைத் தவிர அதற்கு வேறு இடமில்லை.

அந்த இடம் எவ்வளவு சிறியது என்பதை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தால் மறக்காது. உங்கள் டிரைவில் 1,200 மைக்ரோஃபாரட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 587 வோல்ட்டிலிருந்து 800 வோல்ட் வரை ஏற அது வாங்கிக்கொள்ளக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 177 ஜூல்தான். ப்ளோயர் சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் 10 கிலோகிராம் சதுர மீட்டர் என்று வைத்தால், நிமிடத்துக்கு 1,470 சுற்றில் அது சுமந்து நிற்கும் ஆற்றல் சுமார் 1,18,000 ஜூல். இரண்டு எண்களும் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை; உங்கள் இயந்திரத்தில் இரண்டுமே மாறலாம். ஆனால் நூற்றுக்கணக்கான மடங்கு என்ற அந்த வித்தியாசம் மட்டும் மாறாது. அண்டா நீரை டம்ளரில் ஊற்றுவது போன்ற வேலையைத்தான் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டிரைவிடம் கொடுக்கிறோம். மெதுவாக ஊற்றினால் மோட்டாரின் உள்ளிழப்பும் காற்றின் எதிர்ப்புமே அதைக் குடித்துவிடும். வேகமாக ஊற்றினால் டம்ளர் வழியும்.

ப்ளோயரில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ப்ளோயர் இழுக்கும் காற்றுச் சுமை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுகிறது: பாதி வேகத்தில் சுமை எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் முழு வேகத்திலிருந்து இறங்கத் தொடங்கும் நேரத்தில் காற்றே நல்ல பிரேக்காக நிற்கிறது. ஆபத்து வருவது நடுவழியில், காற்றின் பிடி தளர்ந்தும் சக்கரத்தின் வேகம் இன்னும் மிச்சமிருக்கும் இடத்தில். மேலே சொன்ன உதாரண எண்களோடு முழு வேகத்தில் 18 கிலோவாட் காற்றுச் சுமை என்று வைத்தால், 10 நொடி நிறுத்தத்தில் திரும்பி வரும் திறன் 33 ஹெர்ட்ஸ் அருகில் உச்சமாகி 10 கிலோவாட்டைத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் 177 ஜூல் நிரம்ப ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு போதும். அதே கணக்கை 40 நொடிக்குப் போட்டால் 28 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமே திரும்பி வருவதில்லை. அதற்குக் கீழே உச்சமே 1.3 கிலோவாட் அளவில்தான், அதன் பெரும்பகுதியை மோட்டாரே சூடாக்கிக் கரைத்துவிடும். நேரத்தைக் கூட்டியதும் டிரிப் அடங்கியது இதனால்தான். நிறுத்தும்போது வந்த டிரிப்களில் பெரும்பாலானவை மோட்டார் திருப்பி அனுப்பிய ஆற்றலால் வந்தவை என்பதை இந்த அளவில் உறுதியாகச் சொல்கிறேன்.

40 நொடிக்குப் பிறகும் ஏன் எப்போதாவது விழுகிறது என்பதில் அந்த உறுதி எனக்கு இல்லை, ஊகம் மட்டும் இருக்கிறது. உங்கள் ஆட்கள் நிறுத்துவதற்கு முன் டாம்பரை மூடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். காற்றை அடைத்துவிட்டு நிறுத்தினால் ப்ளோயர் சீக்கிரம் நிற்கும் என்று தோன்றும். ஆனால் மையவிலக்கு ப்ளோயரில் டாம்பரை மூடினால் சுமை குறைகிறது, அதாவது இலவசமாகக் கிடைத்த பிரேக்கை நாமே கழற்றிவிடுகிறோம். காற்றுச் சுமை அறவே இல்லையென்றால் 40 நொடியிலும் தொடக்கத்தில் 6 கிலோவாட் வரை திரும்பி வரும். ஒரு ஷிஃப்ட்காரர் மூடுகிறார், இன்னொருவர் மூடுவதில்லை என்றால் டிரிப்பும் சில நாள் வரும், சில நாள் வராது. அடுத்ததாக, வேகம் குறையும் வளைவை எஸ் வடிவத்தில் வைத்திருந்தால் நடுப்பகுதியின் சரிவு செங்குத்தாகிவிடும். 40 நொடி என்று போட்டிருந்தாலும் நடுவில் அது 25 நொடிக்குரிய சரிவாக இருக்கலாம். பஸ் ஏறும்போது தானாகவே நிறுத்தும் நேரத்தை நீட்டிக்கொள்ளும் ஓவர்வோல்டேஜ் கட்டுப்பாடு ஏறக்குறைய எல்லா டிரைவிலும் உண்டு. அது அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி இரவு டிரிப். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இரவில் லைன் மின்னழுத்தம் உயர்கிறது, அதனால் டிரிப் ஆகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். கணக்கு அதை ஒப்புக்கொள்வதில்லை. நிலையான மின்னழுத்தத்தால் மட்டுமே பஸ் 800-ஐ எட்ட வேண்டுமானால் ஃபேஸுகளுக்கிடையே 566 வோல்ட் வர வேண்டும். அப்படி வந்திருந்தால் உங்கள் கூடத்தில் விளக்கும் கன்டாக்டர் (மின்காந்த ஸ்விட்ச்) காயிலும் முதலில் எரிந்திருக்கும். 450 வோல்ட் வந்தால்கூடப் பஸ் 636-தான். ஆகவே உயர்ந்த லைன் தனியாகக் குற்றவாளி ஆகாது. அது செய்வது இடைவெளியைக் குறைப்பது மட்டுமே. முதலில் சொன்ன 177 ஜூல் இடம் 141 ஆகச் சுருங்கிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தச் சுருங்கிய இடத்தின் மேல் வேறு ஏதோ ஒன்று சில மில்லிநொடிகளுக்கு வந்து மோத வேண்டும். அது எது என்பதைத்தான் தேட வேண்டும்.

அம்பத்தூரில் சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு தொழிற்சாலையை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிகுறிகள் உங்களுடையதைப் போலவே இருந்தன. ஏற்கெனவே இரண்டு முறை கார்டு மாற்றியாயிற்று. அதில் ஒரு முறை மாற்றியது நாங்களேதான், அந்தத் தவறு இன்றும் என்னை உறுத்துகிறது. மூன்றாவது முறை பகலில் போகாமல் இரவு ஷிஃப்டில் போய் டிரைவ் பேனல் முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பத்தரை மணிக்குப் பாதி இயந்திரங்கள் நின்றன. டிரைவின் திரையில் பஸ் 600-க்குக் கீழிருந்து மெல்ல ஏறி 628-இல் நின்றது. இரண்டு மணி நெருங்கும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்த பவர் ஃபேக்டர் பேனலில் (பவர் ஃபேக்டரைச் சரிக்கட்டக் கெப்பாசிட்டர்களைப் படிப்படியாக இணைத்து விலக்கும் பெட்டி) ‘டப்’ என்று கன்டாக்டர் பிடிக்கும் சத்தம். அதே நொடியில் டிரைவ் டிரிப் ஆகி ப்ளோயர் ஓய்ந்தது. திரையில் உயர்ந்த எண் எதையும் நான் பார்க்கவில்லை, ஏனென்றால் திரை அவ்வளவு வேகமாக மாறாது. டிரிப் பதிவைத் திறந்தபோதுதான் 818 வோல்ட் என்று இருந்தது. பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் தம்பி, “சார், இந்தச் சத்தம் தினமும் கேக்குதே, அதுவா?” என்றார். அதுதான்.

கெப்பாசிட்டர் வங்கியை லைனில் திடீரென இணைத்தால் ஒரு கண அலைவு எழுகிறது. கோட்பாட்டின்படி அது இயல்பான உச்சத்தின் ஏறத்தாழ இரு மடங்கு வரை போகலாம். இதைத் தணிக்கவே கெப்பாசிட்டருக்கென்று தனிக் கன்டாக்டர் இருக்கிறது: முதலில் சிறு ரெசிஸ்டர் வயர்கள் வழியாக இணைத்து, அதற்குப் பிறகே முழு இணைப்பைக் கொடுக்கும். அந்தத் தொழிற்சாலையில் பழையது எரிந்ததும் அவசரத்துக்குச் சாதாரணக் கன்டாக்டரைப் போட்டிருந்தார்கள். போதாததற்கு, பில்லில் பவர் ஃபேக்டர் அபராதம் வந்துவிடுமோ என்ற பயத்தில் சில படிகளைக் கையால் நிரந்தரமாக இணைத்து வைத்திருந்தார்கள்; இரவில் சுமை இறங்கியதும் கெப்பாசிட்டர் தேவைக்கு மேல் மிஞ்சி (லீடிங் ஆகி) லைன் மின்னழுத்தம் இன்னும் ஏறியது. கன்டாக்டரைச் சரியான வகைக்கு மாற்றி, பேனலை ஆட்டோவுக்குத் திருப்பி, டிரைவின் உள்வரும் பக்கத்தில் 3 சதவீத சோக் (திடீர் அலைவைத் தணிக்கும் சுருள்) போட்ட பிறகு அந்த டிரிப் திரும்பவில்லை. சொந்த டிரான்ஸ்ஃபார்மர் என்பதால், அதன் வெளியீட்டு மின்னழுத்தத்தை மாற்றும் டேப்பையும் ஒரு படி இறக்கினோம். 11,000 வோல்ட்டை 433 ஆக்கும் இந்த டிரான்ஸ்ஃபார்மர்களில் ஒரு படி வழக்கமாக 2.5 சதவீதம், சப்ளையை முழுவதும் நிறுத்திவிட்டுத்தான் அதைத் திருப்ப வேண்டும்.

உங்கள் இடத்திலும் இதுவேதான் என்று நான் சொல்லவில்லை. நேரில் பார்க்காதவன் அவ்வளவு தூரம் போகக் கூடாது. நிலையான வேகத்தில் விழும் டிரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. மோட்டார் கேபிளிலோ மோட்டாரின் வைண்டிங்கிலோ எர்த் கசிவு இருந்தால், அந்தக் கசிவு மின்னோட்டமே பஸ் கெப்பாசிட்டரை ஏற்றிவிடக்கூடும். மழைக்காலத்தில் டெர்மினல் பெட்டிக்குள் நீர் வேர்த்த மோட்டார்களில் இதைக் கண்டிருக்கிறேன். சப்ளை போய் ஜெனரேட்டருக்கு மாறும் இடங்களில், பெரிய சுமை ஒன்று சட்டென விலகும்போது ஜெனரேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணம் எகிறும். ஒரே குழாயில் இரண்டு ப்ளோயர்கள் காற்றைத் தள்ளினால் ஒன்று மற்றொன்றைச் சுழற்றிவிடுவதும் உண்டு. உங்கள் இரவு டிரிப் பவர் ஃபேக்டர் பேனலின் நேரத்தோடு பொருந்தவில்லை என்றால் இவற்றைப் பார்க்கலாம்.

கார்டு கெட்டதா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது இவை எல்லாவற்றையும்விட எளிது, விற்றவர் அதைச் செய்யாமலே தீர்ப்புச் சொன்னதுதான் எனக்கு வருத்தம். மோட்டார் ஓடாத நிலையில், 1,000 வோல்ட் டி.சி.க்குத் தகுதியான நல்ல மீட்டரால் பி, என் என்று குறித்திருக்கும் பஸ் முனைகளுக்கிடையே அளந்து, டிரைவின் திரை காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஐந்து பத்து வோல்ட் வித்தியாசத்தில் இருந்தால் அளக்கும் சுற்று சரியாக இருக்கிறது. மீட்டர் 590 என்னும்போது திரை 650 காட்டினால் கார்டைச் சந்தேகிக்கலாம், அப்போது விற்றவர் சொன்னது சரி. இது உயிரோடு இருக்கும் முனைகளில் அளப்பது. பழக்கமில்லாதவர் செய்ய வேண்டாம், தனியாளாகவும் செய்ய வேண்டாம். மற்ற வேலைக்காகப் பேனலைத் திறக்கும்போது ஐசொலேட்டரைப் பூட்டி, டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் முழுவதும் காத்திருந்து, பஸ் இறங்கிவிட்டதை மீட்டரால் உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். திரை அணைந்துவிட்டது என்பது கெப்பாசிட்டர் காலியானதற்குச் சாட்சி அல்ல.

கெப்பாசிட்டர்கள் மூப்படைந்தாலும் டிரிப் எளிதாகும், ஏனென்றால் டம்ளர் இன்னும் சிறிதாகிவிடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. நம் ஊர் மே மாதத்தில் வடிகட்டி அடைத்துக்கொண்ட பேனலுக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் டிரிப் பதிவைத் திறப்பேன். விழுந்த நொடியில் அதிர்வெண், மின்னோட்டம், பஸ் மின்னழுத்தம் ஆகியவற்றைப் பல டிரைவ்கள் சேமித்து வைக்கின்றன. சில தயாரிப்புகள் குறியீட்டிலேயே பிரித்துச் சொல்லிவிடும்: மிட்சுபிஷியில் ஓ.வி. என்பதோடு 1 வந்தால் வேகமேறும்போது, 2 வந்தால் நிலையான வேகத்தில், 3 வந்தால் வேகம் குறையும்போது. ஷ்னைடரின் ஆல்டிவாரில் மோட்டார் திருப்பி அனுப்பியதற்கு ஓ.பி.எஃப்., லைனிலிருந்து வந்ததற்கு ஓ.எஸ்.எஃப். என்று தனித்தனிக் குறியீடு உண்டு. அடுத்து, நிறுத்தும் முறையை இரண்டு நாளைக்கு ‘கோஸ்ட்’ என்று மாற்றிப் பாருங்கள்; டிரைவ் கையை எடுத்துவிடும், ப்ளோயர் தானாகச் சுழன்று ஓயும். நிறுத்தும் நேரத்து டிரிப் மறைந்து இரவு டிரிப் மட்டும் மிஞ்சினால் இரண்டும் வேறு என்பது நிரூபணமாகிவிடும். அந்த இரண்டு நாளும் சக்கரம் பல நிமிடம் சுழன்றுகொண்டிருக்கும் என்பதால், முழுவதும் நிற்கும்வரை யாரும் மூடியைத் திறக்கவோ மறுபடி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தவோ கூடாது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். சுழலும் ப்ளோயரைப் பூஜ்ஜியத்திலிருந்து பிடிக்க முயன்றால் அதுவே ஒரு ஓவர்வோல்டேஜ் டிரிப் ஆகும். அவசியமென்றால் சுழலும் மோட்டாரை அதன் வேகத்திலேயே பிடிக்கும் ‘ஃப்ளையிங் ஸ்டார்ட்’ வசதியை டிரைவில் இயக்கிவிடலாம். மோட்டாரை மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) செய்யும்போது கேபிளை டிரைவிலிருந்து கழற்றிவிட்டுச் செய்யுங்கள். கழற்றாமல் 500 வோல்ட் மெகரைச் சுற்றி, நன்றாக இருந்த ஐ.ஜி.பி.டி.களைக் கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரேக் ரெசிஸ்டரைப் பொறுத்தவரை, உங்கள் ப்ளோயர் 10 நொடியில் நின்றே ஆக வேண்டும் என்ற தேவை இருந்தால் மட்டும் வாங்குங்கள். 40 அல்லது 60 நொடி ஆனால் உற்பத்திக்கு நஷ்டமில்லை என்றால் அது வீண் செலவு, இரவு டிரிப்புக்குச் சரியான மருந்தும் அல்ல. போடுவதென்றால் ஓம் அளவு டிரைவின் கையேடு சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. 40 ஓம் ரெசிஸ்டர் 760 வோல்ட்டில் 19 ஆம்பியர் இழுத்து ஏறத்தாழ 14 கிலோவாட் கரைக்கும், அந்த 19 ஆம்பியரை, ரெசிஸ்டரை இணைத்து விலக்கும் சாப்பர் டிரான்சிஸ்டர் தாங்க வேண்டும். ரெசிஸ்டரைப் பொருத்திய பிறகு முன்னே சொன்ன ஓவர்வோல்டேஜ் கட்டுப்பாட்டை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் பஸ் ஏறுவதற்குள் டிரைவ் நேரத்தை நீட்டிக்கொண்டு போகும், ரெசிஸ்டர் சில்லென்று உட்கார்ந்திருக்கும். ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டாம்: ரெசிஸ்டரின் மேல் ஒரு வெப்ப ஸ்விட்ச் பொருத்தி, அதை டிரைவுக்கு முன்னுள்ள மெயின் கன்டாக்டரின் காயிலில் இணைத்துவிடுங்கள். சாப்பர் ஷார்ட் ஆகிவிட்டால் டிரைவால் ரெசிஸ்டரை நிறுத்த முடியாது, உள்வரும் மின்சாரத்தைத் துண்டித்தால்தான் அடங்கும்; அந்த இணைப்பு இல்லாத ஒரு பேனல் கூரைக்கம்பி வரை கரியாகி நின்றதை நான் பார்த்தேன்.

டிரிப் பதிவில் உள்ள அதிர்வெண், மீட்டரும் திரையும் காட்டிய இரண்டு பஸ் எண்கள், ஒரு வாரத்துக்கு இரவு டிரிப் விழுந்த நேரங்கள் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். பவர் ஃபேக்டர் பேனல் எப்போது ‘டப்’ என்றது என்பதையும் அந்த நேரங்களுக்கு எதிரே குறித்துவைக்க இரவு ஷிஃப்ட் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவையுங்கள்.